சுவீடன் காட்டில் முதல் ஆண்டு: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுவீடனில் ஒரு காட்டுக்குள் நடக்க அதன் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், ஏரியில் குளிக்கலாம், பழம் பறிக்கலாம், ஓரிரு இரவு கூடாரம் போட்டுத் தூங்கலாம். சுவீடர்கள் ‘அல்லமன்ஸ்ரெத்தன்’ என்று சொல்லும் இந்தப் பொது உரிமை 1994-இல் நாட்டின் அரசியல் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. அது யாருடைய குடியுரிமையையும் விசாவையும் பார்ப்பதில்லை. நேற்று வந்து இறங்கியவருக்கும் உண்டு.

ஆனால் எதையெல்லாம் செய்யலாம் என்று பட்டியல் போட்ட தனிச்சட்டம் கிடையாது. செய்யக்கூடாதவைதான் சுற்றுச்சூழல் சட்டத்திலும் குற்றவியல் சட்டத்திலும் சிதறிக் கிடக்கின்றன. பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த சுருக்கம் ஒன்று உண்டு: தொந்தரவு செய்யாதே, நாசம் செய்யாதே. கேட்க எளிமையானது. எது தொந்தரவு, எது நாசம் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

யார் நிலத்தில் நிற்கிறீர்கள்

சுவீடன் காடுகளில் ஏறத்தாழ பாதி தனிமனிதர்களின் சொத்து. வேலியோ பலகையோ இல்லாததால் எல்லாம் அரசுக் காடு என்று நினைத்துவிடக்கூடாது. நீங்கள் நடப்பது பெரும்பாலும் யாரோ ஒரு குடும்பத்தின் நிலத்தில்.

வீட்டைச் சுற்றியுள்ள மனையை ‘தொம்ட்’ என்பார்கள். அதற்குள் கால் வைக்கக்கூடாது. அதற்கு வேலி இருந்தாக வேண்டும் என்றில்லை. எத்தனை மீட்டர் தள்ளி நடக்க வேண்டும் என்றும் சட்டம் எண் எதுவும் சொல்லவில்லை. வீட்டிலிருப்பவருக்கு இடைஞ்சல் இருக்கக்கூடாது என்பதே அளவு. நடுவில் அடர்ந்த மரங்களோ மேடோ இருந்தால் கொஞ்சம் நெருங்கிப் போகலாம். ஜன்னலில் நிற்பவர் உங்கள் முகத்தைப் பார்க்க முடியும் என்றால் விலகிச் செல்லுங்கள். கோடை வீடு பூட்டிக் கிடந்தாலும் இதே விதிதான். ஏரிக்கரையில் ஒரு வீட்டு மனையை ஒட்டி நிற்கும் மரத்துறை அந்த வீட்டாருடையது. அதில் உட்கார்ந்து காலை நனைக்க வேண்டாம்.

விதைத்த வயலிலும் புதிதாக மரக்கன்று நட்ட இடத்திலும் நடக்கக்கூடாது. உறைந்து பனி மூடிய வயலைக் கடக்கலாம். மாடு மேயும் வேலிக்குள் போகலாம், ஆனால் திறந்த கதவை உடனே மூட வேண்டும். ஒரு கதவு திறந்து கிடந்தால் மாடுகள் சாலைக்கு வந்துவிடும். விவசாயிகளுக்கு வெளியாட்கள் மேல் வரும் கோபத்தில் இது முக்கியமானது.

பறிக்கக்கூடியவை: காட்டுப்பழம், காளான், பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத பூக்கள், தரையில் விழுந்து காய்ந்த சுள்ளி, பைன் கூம்பு. தொடக்கூடாதவை: உயிருள்ள மரத்தின் கிளை, பட்டை, பிசின், மரத்திலிருக்கும் கொட்டைகள். பிர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டை அழகாக உரியும், நெருப்பு பற்றவைக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் நிற்கும் மரத்திலிருந்து உரித்தால் அது குற்றம், மரத்திலும் வடு ஆறாது. காற்றில் சாய்ந்து கிடக்கும் முழு மரமும் நிலக்காரருடையதுதான். ஆர்க்கிட் வகைகள் நாடு முழுவதும் பாதுகாக்கப்பட்டவை, ஒன்றையும் பறிக்காதீர்கள்.

மீன்பிடிப்பது இந்த உரிமைக்குள் வராது. பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். கடற்கரையிலும், வேனெர்ன், வேட்டெர்ன், மேலாரென், யெல்மாரென், யெம்ட்லாந்தின் ஸ்டோர்ஷோன் ஆகிய ஐந்து பெரிய ஏரிகளிலும் தூண்டில் போட இலவசம். மற்ற ஏரி, ஆறு எதுவானாலும் ‘ஃபிஸ்ககூர்ட்’ என்ற சீட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் செல்போனிலேயே வாங்கிவிடலாம்.

கார், மொபெட், நாலு சக்கர பைக் எதையும் சாலையை விட்டு மண்ணில் இறக்கக்கூடாது. நாடு முழுவதும் தடை. நாய் வளர்ப்பவர்கள் இரண்டு தேதிகளை மனத்தில் வையுங்கள்: மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை காட்டு விலங்குகள் இருக்கும் இடத்தில் நாய் தன் போக்கில் ஓட முடியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். குட்டி போடும், முட்டையிடும் காலம் அது. நடைமுறையில் கயிற்றில் கட்டி வைப்பது என்றே பொருள்.

தேசியப் பூங்காக்களிலும் ‘நத்தூர்ரெசர்வாட்’ எனப்படும் இயற்கைக் காப்பகங்களிலும் தனி விதிகள் உண்டு. ஒன்றில் கூடாரம் போடலாம், பக்கத்து ஒன்றில் கூடாது. ஒன்றில் சைக்கிள் ஓடலாம், இன்னொன்றில் கூடாது. நுழைவாயிலில் நிற்கும் பலகையின் கடைசிப் பத்தியில் தடைகள் இருக்கும். வரைபடத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல் அதையும் படியுங்கள். தீவுக் கூட்டங்களில் பறவைகளுக்காகவும் கடல்நாய்களுக்காகவும் சில திட்டுகளில் இனப்பெருக்க மாதங்களில் இறங்கவே தடை இருக்கும்.

உடை: பணத்தை எங்கே செலவழிப்பது

மோசமான வானிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடைதான் உண்டு என்பது இங்கே எல்லார் வாயிலும் வரும் பழமொழி. அதன்படிதான் ஊரும் நடக்கிறது. மழைக்காக நடையை ஒத்திப்போடுபவர்கள் குறைவு. பாலர் பள்ளிகளில் தினமும் குழந்தைகளை வெளியே விடுகிறார்கள், தூறலிலும் பனியிலும். கைக்குழந்தைகள் தள்ளுவண்டியில் கம்பளிக்குள் சுருண்டு வெளியிலேயே பகல் தூக்கம் போடுவது சாதாரணக் காட்சி. யாரும் குழந்தையைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை, பதற வேண்டாம்.

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே பருத்திச் சட்டை போடுவது. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் நடந்து வியர்த்து, உச்சியில் ஐந்து நிமிடம் நின்றால் அந்த ஈரமே உடலைக் குளிர வைக்கும். மூன்று அடுக்கு போதும்:

- உடலோடு ஒட்டிய மெல்லிய மெரினோ கம்பளி. நனைந்தாலும் சூடு தரும், நாற்றமும் குறைவு.
- அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ். இதைத்தான் அடிக்கடி கழற்றி மாட்டுவீர்கள்.
- வெளியே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஓடு போன்ற ஜாக்கெட். உள்ளே இரண்டு அடுக்கு போட்டபின் கை தூக்க முடிகிற அளவு வாங்குங்கள்.

வீட்டை விட்டு இறங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். முதலில் பணம் போட வேண்டியது காலுக்கும் கைக்கும். காலணியில் தடித்த கம்பளிக் காலுறை போட்ட பிறகும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடம் இருக்க வேண்டும். இறுக்கமான பூட்ஸில் இரண்டு காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும். விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாய்க் கிடக்கும் உறை சூடாக இருக்கும்.

மைனஸ் பதினைந்து டிகிரி உலர் குளிரைவிடப் பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரமான நவம்பர்தான் உடம்பைப் படுத்தும். ஆடைத் தேர்வில் அந்த மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்குத் தோள்பட்டை வைத்த ரப்பர் மழை பேன்ட், ரப்பர் பூட்ஸ், குளிர்காலத்துக்கு முழு உடல் ஓவரால், இரண்டு ஜோடி கையுறை, மாற்றுத் துணி ஒரு செட். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். ஒரே நிற மழை பேன்ட் இருபது தொங்கும் இடம் பாலர் பள்ளி. மழை பேன்டின் கால்பட்டையைப் பூட்ஸின் அடிப்பாகத்தில் மாட்ட வேண்டும். பேன்டை பூட்ஸுக்குள் செருகினால் மழைநீர் நேராக உள்ளே இறங்கும்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்காதீர்கள். ‘ஃப்ரிதீட்ஸ்பாங்கென்’ என்ற இரவல் நிலையங்கள் பல ஊர்களில் உள்ளன. 2013-இல் வேர்ம்லாந்து மாகாணத்தில் தொடங்கியவை. பனிச்சறுக்குக் கட்டை, ஸ்கேட், உயிர்காப்பு உடை போன்றவற்றை 14 நாட்களுக்கு இலவசமாகத் தருவார்கள். குழந்தையின் கால் ஆண்டுக்கு ஆண்டு வளரும்போது இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

முதல் நடை

முதல் நாளே மலைப்பாதைக்குக் கிளம்ப வேண்டாம். கிட்டத்தட்ட ஒவ்வொரு ஊரிலும் மரத்தூள் பரப்பிய, விளக்குக் கம்பம் வைத்த ஓட்டப்பாதை இருக்கும். ‘எல்யூஸ்ஸ்போர்’ என்பார்கள். வட்டமாகச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வரும், வழி தவறாது, டிசம்பர் மாலையிலும் நடக்கலாம். ஸ்டாக்ஹோமில் ஹெல்லஸ்கோர்டென், கோதன்பர்க்கில் ஸ்காடோஸ், லுண்டுக்கு அருகே ஸ்க்ரில்லெ ஆகியவை தொடக்கத்துக்கு மிக நல்ல இடங்கள். பழகிய பிறகு தெற்கு ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பும் சோர்ம்லான்ட்ஸ்லேடன் போன்ற நெடும்பாதையில் ஒரு துண்டைப் பிடிக்கலாம். மரத்தில் பூசிய ஆரஞ்சுக் குறியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். வடக்கே அபிஸ்கோவிலிருந்து ஹேமாவான் வரை போகும் 440 கிலோமீட்டர் குங்ஸ்லேடன் பிறகு வரட்டும்.

கிளம்பும் முன் சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் நடுவில் பகல் ஆறு மணி நேரம்தான், மூன்று மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். பகல் இரண்டு மணிக்குக் காட்டுக்குள் நுழைவது அந்த மாதத்தில் நடக்காத கதை. ஜூனிலோ இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு அரை லிட்டர் சூடான பானம், அதே அளவு தண்ணீர், ஒரு உலர்ந்த காலுறை, மெல்லிய கம்பளித் தொப்பி, தலையில் மாட்டும் விளக்கு, சார்ஜ் ஏறிய செல்போன், குப்பைக்கு ஒரு பை. பிறகு ‘சிட்உண்டர்லாக்’: மடித்து வைக்கக்கூடிய நுரைத் துண்டு, உட்கார்வதற்கு. மிக மலிவான பொருள் இதுதான், மறந்தால் அதிகம் வருந்த வைப்பதும் இதுதான். ஈரப் பாறையிலோ பனியிலோ வெறுமனே உட்கார்ந்தால் எத்தனை கம்பளி போட்டிருந்தாலும் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவீர்கள்.

நடுவழியில் நின்று காபியும் ரொட்டியும் சாப்பிடாமல் எந்த நடையும் முடிவதில்லை. ஃபீக்கா என்னும் காபி இடைவேளை அலுவலகத்தில் எப்படியோ காட்டிலும் அப்படித்தான். தெர்மோஸில் நேராகக் காபியை ஊற்றாதீர்கள். முதலில் கொதிநீரை ஊற்றி மூடி ஐந்து நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டுக் காபியை நிரப்புங்கள். குளிர்ந்த உட்சுவர் காபியின் சூட்டைக் குடிக்காமலிருக்கும். வாய் அகன்ற சாப்பாட்டுத் தெர்மோஸுக்கும் இதே முறைதான். இப்படிச் செய்து அடைத்த சாம்பார் சாதம் நண்பகலிலும் ஆவி பறக்கும். தாளித்த எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் குளிரில் நன்றாகவே இருக்கும்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். அதே மனிதர் காட்டுப்பாதையில் எதிரே வந்தால் ‘ஹேய்’ என்பார். திரும்பச் சொல்லுங்கள், நின்று பேச வேண்டியதில்லை. ஸ்பீக்கரில் பாட்டு வைக்காதீர்கள். பலர் காட்டுக்கு வருவதே சத்தமில்லாமல் இருக்கத்தான். தொந்தரவு என்பதற்கு அவர்கள் அகராதியில் இதுவும் ஒன்று. குளிர்காலத்தில் பனியில் இரட்டைக் கோடாக அழுத்திய சறுக்குத் தடம் தெரிந்தால் அதன் மேல் நடக்காதீர்கள். ஒரு காலடிப் பள்ளம் இரவில் உறைந்தால் மறுநாள் சறுக்கி வருபவர் கவிழ்ந்துவிடுவார்.

நெருப்பும் அடுப்பும்

இந்த நாட்டில் எந்தத் தவறும் நெருப்பு அளவுக்குச் சேதம் செய்வதில்லை. 2014-இல் வெஸ்ட்மான்லாந்திலும் 2018 கோடையில் நாட்டின் பல பகுதிகளிலும் பெரும் காட்டுத்தீ பரவியது. அதனால் நெருப்பு மூட்டும் முன் இந்த வரிசையைத் தவறவிடாதீர்கள்.

1. அன்றைய தடையைப் பாருங்கள். ‘எல்ட்னிங்ஸ்ஃபொர்புட்’ என்றால் நெருப்புத் தடை. மாவட்ட நிர்வாகமோ நகராட்சியோ அறிவிக்கும். ‘பிராண்ட்ரிஸ்க் ஊதே’ என்ற செயலியில் நீங்கள் நிற்கும் இடத்துக்கான நிலை தெரியும். அறிவிப்பை முழுவதும் படியுங்கள். சில இடத்தில் அமைத்து வைத்த அடுப்பில் மட்டும் அனுமதி இருக்கும். கடுமையான தடை வந்தால் சொந்தத் தோட்டத்தில் கரி அடுப்பு மூட்டக்கூட முடியாது. கோடையில் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் போன ஆண்டின் காய்ந்த புல் நொடியில் பற்றும்.

2. இடம். ஏற்கெனவே கல் வளையமோ கம்பி அடுப்போ இருக்கும் இடம் எப்போதும் முதல் தேர்வு. மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்புமாகப் பாதையோரம் மரக்குடில்கள் இருக்கும், முன்னால் அடுப்பும் இருக்கும். யார் முதலில் வந்தாலும் பிறகு வருபவருக்கு இடம் விட வேண்டும். பாசி, கரி மண், வேர் படர்ந்த தரை, எறும்புப் புற்று இவற்றின் அருகே மூட்டாதீர்கள். கரி மண்ணுக்குள் இறங்கிய தணல் கண்ணுக்குத் தெரியாமல் நாள்கணக்கில் ஊர்ந்து வேறிடத்தில் வெளிப்படும். வெறும் பாறை மேலும் கூடாது. பாறை சூட்டில் வெடித்துப் பிளக்கும், பத்தாயிரம் ஆண்டு பழைய அந்த வழவழப்பு திரும்ப வராது.

3. விறகு. குடிலில் வைத்திருந்தால் அளவாக எடுங்கள். இல்லையென்றால் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

4. தண்ணீர். பற்றவைக்கும் முன்பே ஒரு வாளி நிறையப் பக்கத்தில் இருக்கட்டும்.

5. அணைத்தல். ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மீண்டும் ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தட்டினால் இன்னும் அணையவில்லை.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் அலுமினியத் தட்டு அடுப்பைத் தவிர்க்கவே சொல்வோம். அடிப்பாகம் புல்லைப் பொசுக்கும், சூட்டோடு குப்பைத்தொட்டியில் போட்டால் தொட்டி எரியும். அதைவிடச் சுவீடன்காரர்கள் தலைமுறைகளாகத் தூக்கிச் செல்லும் த்ராங்கியா என்ற ஸ்பிரிட் அடுப்பு நல்லது. பித்தளைப் பர்னர், காற்றைத் தடுக்கும் கூடு, பாத்திரங்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். எரிபொருள் சிவப்பு ஸ்பிரிட், பல்பொருள் கடையிலேயே கிடைக்கும். பர்னரில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் ஏறத்தாழ 25 நிமிடம் எரியும். பாத்திரத்தில் கரி பிடித்தால் ஸ்பிரிட்டில் பத்தில் ஒரு பங்கு வரை தண்ணீர் கலக்கலாம். கூட்டின் அடியிலுள்ள துளைகள் காற்று வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு பெரிய அபாயம்: பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலிலிருந்து ஊற்றினால் தீ பாட்டிலுக்கு ஏறும். மூடியால் பர்னரை அமர்த்துங்கள், ஆற விடுங்கள், கையால் தொட்டுப் பாருங்கள், அப்புறம் ஊற்றுங்கள். குழந்தைகளை அந்த நேரம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சிறு கத்தி பையில் இருப்பது காட்டில் இயல்பு. ஆனால் பொது இடத்தில் காரணமின்றிக் கத்தி வைத்திருப்பது சட்டப்படி குற்றம். போகும் வழியில் பையின் அடியில் இருக்கட்டும், இடுப்பில் தொங்கவிட்டபடி மெட்ரோவில் ஏறாதீர்கள்.

கூடாரத்துக்கு விதி சுருக்கம். ஓரிரு இரவு, ஒன்றிரண்டு கூடாரம், வீடு தெரியாத இடம், மேய்ச்சல் நிலமோ வயலோ இல்லாத இடம். பெருங்கூட்டமாகப் போனால் நிலக்காரரிடம் கேட்க வேண்டும். கழிவறை இல்லாத இடத்தில் நீர்நிலையையும் பாதையையும் விட்டு நன்றாகத் தள்ளிக் குழி தோண்டி மூடுங்கள். ஈரத் துடைப்புத் தாள் மக்காது, அதைப் பையில் கட்டி எடுத்து வந்துவிடுங்கள்.

பழமும் காளானும்

ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் வரை சுவீடன் குடும்பங்கள் வாளியும் கூடையுமாகக் காட்டுக்குப் போகும். ஜூலை, ஆகஸ்டில் ப்ளோபேர் என்னும் கருநீலப் பழம். வடக்கின் சதுப்பில் அதே காலத்தில் ஆரஞ்சு நிற யூர்ட்ரோன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து சிவப்பு லிங்கோன். ப்ளோபேர் பிழிந்தால் உள்ளேயும் நீலம், விரலில் கறை ஏறும். நாலு இலை விரித்து அதன் நடுவில் ஒற்றையாய் நிற்கும் கருப்புப் பழம் தெரிந்தால் அது நச்சு, தொடாதீர்கள்.

லிங்கோன் பதப்படுத்தத் தெரிந்திருந்தால் குளிர்காலம் முழுக்க உதவும். ஒரு கிலோ பழத்தைக் கழுவி வடித்து, நான்கிலிருந்து ஐந்து டெசிலிட்டர் (400 முதல் 500 மில்லிலிட்டர்) சர்க்கரை போட்டு, கரையும்வரை விட்டுவிட்டுக் கிளறுங்கள். வேகவைக்க வேண்டாம். பழத்திலேயே பென்சோயிக் அமிலம் இருப்பதால் குளிர்பெட்டியில் நீண்ட நாள் கெடாது. புளிப்பும் லேசான கசப்பும் நெல்லிக்காய் ஊறுகாய் பிடித்தவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும்.

காளான் வேறு விஷயம். இதில் நிதானம் தவிர வேறு வழியில்லை.

முதல் ஆண்டு ஒரே ஒரு காளானைக் கற்றுக்கொள்ளுங்கள்: கந்தரெல். முட்டைக்கரு மஞ்சள், அடியில் தகடு தகடாகப் பிரியாமல் தடித்த மடிப்புகள் தண்டு வரை இறங்கும், கிழித்தால் உள்ளே வெளிறிய நிறம், மணம் ஆப்ரிகாட் பழம் போல. அடுத்த ஆண்டு தெரிந்தவரோடு போய் இலையுதிர் கால டிராட்கந்தரெலைக் கற்கலாம். ஒவ்வொரு ஆண்டும் ஒன்றிரண்டு சேர்த்தால் போதும்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்றால், ஆசியாவிலிருந்து வருபவர்களுக்கென்றே ஒரு பொறி இங்கே உண்டு. நம் ஊரில் வைக்கோல் காளான் சாப்பிட்டுப் பழகியவர்கள் சுவீடன் காட்டில் உறைக்குள்ளிருந்து முளைக்கும் வெளிறிய பச்சை நிறக் காளானைப் பார்த்து அதுவே என்று எடுத்துவிடுகிறார்கள். வைக்கோல் காளான் இந்தக் காடுகளில் வளர்வதில்லை. இது ‘லோம்ஸ்க் ஃப்ளூக்ஸ்வம்ப்’. இதன் வெள்ளை உறவுக்காரர் ‘வீட் ஃப்ளூக்ஸ்வம்ப்’ கடையில் வாங்கும் பட்டன் காளானைப் போலத் தோன்றும். இரண்டும் கல்லீரலை அழிப்பவை. வெள்ளைத் தகடு, தண்டில் வளையம், மண்ணுக்குள் பை போன்ற உறை ஆகியவை அடையாளம். அதனால் வெள்ளைக் காளானைக் கத்தியால் மேலே வெட்டாமல் மண்ணோடு தோண்டிப் பாருங்கள். இன்னும் சரி, எந்த வெள்ளைக் காளானையும் எடுக்கவே எடுக்காதீர்கள். சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி வரும். அதற்குள் நஞ்சு உடம்பில் இறங்கியிருக்கும். வேகவைத்தால் போகாது.

இன்னொன்று டிராட்கந்தரெல் முளைக்கும் அதே பாசியில் வளரும் ‘டொப்பிக் யிஃப்ட்ஸ்பிண்டல்ஸ்கீவ்லிங்’. துருச் சிவப்பு, கூரான தொப்பி, உண்மையான தகடுகள். சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், அறிகுறி நாள்கணக்கில் தாமதமாகவே தெரியும். ஒரு கொத்தைக் கைநிறைய வாரி எடுப்பவர்களுக்கு இது கலந்துவிடுகிறது. ஒவ்வொன்றாக எடுங்கள், ஒவ்வொன்றையும் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். அவசரம் என்றால் 112-ஐ அழைத்து நச்சுத் தகவல் மையம் வேண்டும் என்று சொல்லுங்கள். அவசரமில்லாத கேள்விக்கு 010-456 6700. மீதமுள்ள காளானையோ தோல், துண்டையோ எறியாமல் வைத்திருங்கள்.

எடுத்த காளானைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து ஒரு மணி நேரத்தில் கூழாகும். கூடை அல்லது காகிதப் பை வேண்டும். மண்ணைக் காட்டிலேயே தூரிகையால் தட்டிவிடுங்கள். வீட்டில் வெறும் வாணலியில் போட்டு அதன் நீர் விட்டுச் சுண்டும்வரை வதக்கி, அப்புறம் வெண்ணெயும் உப்பும். வெண்ணெயை முதலில் போட்டால் தண்ணீரில் வெந்து சவசவவென்றாகும். யாராவது கூடை நிறைய வைத்திருந்தால் எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள். சொந்த இடத்தைப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லும் குடும்பங்கள் உண்டு.

உண்ணியும் பாம்பும்

வெப்பம் ஐந்து டிகிரியைத் தாண்டினால் உண்ணி விழித்துக்கொள்ளும். உயரமான புல்லில் காத்திருந்து கடந்துபோகும் உடம்பில் தொற்றும். அது இரண்டு நோய்களைக் கொண்டுவரலாம், இரண்டும் வேறுவேறு. டிபிஇ என்பது மூளையைத் தாக்கும் வைரஸ், கடித்த சிறிது நேரத்திலேயே தொற்றலாம், மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. போரேலியா பாக்டீரியா, தடுப்பூசி இல்லை, ஆன்டிபயாடிக்கில் சரியாகும். அது தொற்ற உண்ணி நெடுநேரம் ஒட்டியிருக்க வேண்டும், அதனால் அன்று மாலையே உடம்பைத் தேடிப் பார்ப்பது பலன் தரும். முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, குழந்தைகளுக்குக் காதின் பின்புறமும் தலைமயிரும்.

கண்டால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், வெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். பிறகு சில வாரங்களில் கடித்த இடத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவ ஆலோசனை எண்ணான 1177-ஐ அழையுங்கள். ஸ்டாக்ஹோம், உப்சாலா, சோர்ம்லாந்து பக்கம் வசிப்பவர்கள் டிபிஇ ஊசியைக் குளிர்காலத்திலேயே தொடங்குவது நல்லது. முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் ஒன்று முதல் மூன்று மாத இடைவெளி வேண்டும். கோடை வந்தபின் ஓடினால் தாமதம்.

சுவீடனில் ஒரே நச்சுப் பாம்பு ‘ஹுக்ஒர்ம்’. முதுகில் வளைவு வளைவான கோடு. அடிக்காதீர்கள், காட்டில் அதைக் கொல்ல அனுமதியில்லை, தானே விலகிப்போகும். கடித்தால் அந்த உறுப்பை அசைக்காமல் வைத்து 112. கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கேடு.

பனியும் உறைந்த ஏரியும்

அக்டோபர் முதல் ஒளிப்பட்டை இல்லாமல் சாலையோரம் நடக்காதீர்கள். இருண்ட உடையில் வருபவரைக் காரின் தாழ்ந்த விளக்கில் 20, 30 மீட்டர் நெருங்கிய பிறகே ஓட்டுநர் காண்பார். ஒளிப்பட்டை இருந்தால் 125 மீட்டரிலேயே. காலுக்கு அருகே, இரு பக்கமும் தொங்கவிடுங்கள். ஜனவரிக்குப் பின் நடைபாதை கண்ணாடியாகும். செருப்பின் அடியில் மாட்டும் ‘ப்ரொட்டர்’ என்ற ஆணிப் பட்டை வாங்குங்கள். கடை வாசலில் அதைக் கழற்றிவிட வேண்டும். வழவழப்பான கல்தரையில் அந்த ஆணியே சறுக்கிவிடும்.

உறைந்த ஏரியின் மேல் மனிதர்கள் நடப்பதையும் ஸ்கேட் ஓடுவதையும் பார்த்ததும் இறங்கத் தோன்றும். குறைந்தது பத்து சென்டிமீட்டர் கெட்டியான, தெளிந்த புதுப் பனிக்கட்டி வேண்டும். மார்ச், ஏப்ரலில் முப்பது சென்டிமீட்டர்கூட ஊசி ஊசியாய்ப் பிரிந்து பலமிழந்திருக்கலாம், தடிமன் அப்போது ஒன்றையும் சொல்லாது. பாலத்தின் அடி, ஓடை கலக்குமிடம், இரு கரை நெருங்கும் குறுகல், நாணல் ஓரம், மரத்துறையைச் சுற்றி எப்போதும் மெல்லியது. மேலே பனி விழுந்து போர்த்தியிருந்தால் அது குளிரைத் தடுத்து அடியில் கட்டி வளராமல் செய்யும், ஓட்டையையும் மறைக்கும்.

தனியாக இறங்காதீர்கள். கையில் இரும்பு முனைக் கோல், கழுத்தில் ‘ஈஸ்டுப்பர்’ என்ற இரட்டை ஆணிப்பிடி, பையில் எறியும் கயிறு. பைக்குள் மாற்றுத் துணியை நீர் புகாத உறையில் அடைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றுப் பை உங்களை மிதக்க வைக்கும், ஆனால் தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையைக் கட்டியிருந்தால்தான். இல்லாவிட்டால் பை தலைக்கு மேல் ஏறி முகத்தைத் தண்ணீரில் அமுக்கும்.

விழுந்துவிட்டால் வந்த திசைக்கே திரும்புங்கள், அந்தப் பக்கம்தான் உங்களைத் தாங்கிய பனி இருக்கிறது. மூச்சு சீரானதும் ஆணிகளைப் பனியில் குத்தி, காலை நீந்துவதுபோல உதைத்து, வயிற்றால் மேலே வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு தள்ளிப்போங்கள். ஆணிப்பிடி கோட்டுக்குள்ளோ பைக்குள்ளோ இருந்தால் அந்த நேரத்தில் கை எட்டாது. கழுத்துக்கு அருகே, ஜாக்கெட்டுக்கு வெளியே தொங்க வேண்டும்.

எங்கே நிற்கிறோம் என்று சொல்லத் தெரியாத காட்டில் உதவி கூப்பிட, 112 செயலியை இன்றே செல்போனில் ஏற்றி, இருப்பிடத்தைப் பகிர அனுமதி கொடுத்து வையுங்கள். அதிலிருந்து அழைத்தால் நீங்கள் நிற்கும் புள்ளி அவர்கள் திரையில் தெரியும். செல்போனை ஜாக்கெட்டின் உள் பையில் உடம்போடு ஒட்டி வைக்கவும். குளிரில் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும்.